முட்டை சொன்ன குறி

கோழி முட்டையிடுகிறது, அது அதன் இயற்கை. அந்த முட்டைக்குப் பொருள் சொல்லிக் கூலி வாங்குகிறான் மனிதன். அது அவன் தொழில். முட்டையிட்ட கோழிக்குக் கிடைப்பது ஒரு பிடி நொய். பொருள் சொன்னவனுக்குக் கிடைப்பதோ பத்தாயிரம், பன்னிரண்டாயிரம்! உழைத்தவருக்கு உமி, உரைத்தவருக்கு நெல் என்று இந்த நாட்டிலே நெடுங்காலமாக நடந்துவரும் நீதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

முட்டையைப் பற்றியா ஏட்டிலே கட்டுரை, நாட்டிலே வேறு பிரச்சினையே இல்லையா என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும். உண்டு, ஏராளமாக உண்டு. ஆனால் மூடநம்பிக்கை கோபுர வாசல் வழியாக மட்டும் வீட்டுக்குள் வருவதில்லை. கொல்லைப்புற வழியாகவும் வருகிறது. கோபுர வாசலிலே நிற்பதை எதிர்க்க மேடை உண்டு, கொடி உண்டு, கூட்டம் உண்டு. கொல்லைப்புறத்திலே நுழைவதை எதிர்க்க யார் உண்டு? அங்கே இருப்பவர்கள் பெண்கள். அங்கே அடிபடுகிறவர்களும் பெண்கள்.

நாம் வாழும் வடபழனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டு முதல் தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஆற்காடு சாலையிலே ஏவி.எம். நிறுவனத்தின் வளாகம். பூசாரியின் பொய்வேடத்தை நீதிமன்றக் கூண்டிலே நின்று கேள்வி கேட்ட ‘பராசக்தி’, கலைஞர் தீட்டிய உரையாடலோடு 1952இல் உருவானது ஏவி.எம். படப்பிடிப்புத் தளத்திலேதான். பெரிய மருத்துவமனைகள் உண்டு; பள்ளிகள் உண்டு; படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அத்தனையும் சாலையின் முகப்பிலே. சாலையை விட்டுச் சந்துக்குள் திரும்பினால் ஓட்டு வீடுகளும் தகரக் கொட்டகைகளும் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளின் பின்புறத்திலே, துவைகல்லுக்கும் குளியலறைக்கும் இடையே, ஐந்தாறு நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. முச்சந்தியிலே மஞ்சள் தடவிய முட்டையும் எலுமிச்சம்பழமும் கிடக்கின்றன. அதைக் கண்டு, ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் பிள்ளை தாண்டாமல் சுற்றிக்கொண்டு போகிறது. ‘மிதிக்காதே’ என்று எச்சரிப்பவர் அந்தப் பிள்ளையின் தகப்பனார். கணினி நிறுவனத்திலே பணியாற்றுபவர்!

சென்ற ஆண்டு, கத்திரி வெயிலின்போது, நமது சந்திலே நடந்தது இது.

ஓர் அம்மையார். கணவர் இல்லை, மகன் ஆட்டோ ஓட்டுகிறான். மருமகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவள். ஒரு மருந்துக்கடையிலே வேலை. மணமாகி நான்கு ஆண்டுகள்; குழந்தை இல்லை. அம்மையாருக்குக் கோழிகள்தான் துணை. முட்டை விற்று வரும் காசுதான் கைச்செலவுக்கு. அந்த வெயிலிலே கோழிகள் ஓடில்லாத தோல்முட்டை இட்டன, தொட்டால் நெளிந்தது. அடுத்த வாரம், ஒரு கோழி கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிதான ஒரு முட்டையை இட்டது. அம்மையாருக்கு அடிவயிறு கலங்கிற்று. முந்தானையிலே முடிந்துகொண்டு, குறி சொல்லும் ஒருவரிடம் போனார்.

அவர் அந்தச் சிறுமுட்டையை உடைத்தார். உள்ளே வெள்ளைக் கரு மட்டும் இருந்தது. மஞ்சள் கரு இல்லை. பிறகென்ன! “முட்டையிலே கரு இல்லை; உன் வீட்டிலும் கரு தங்கவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உன் மருமகள்மேல் தோஷம் இருக்கிறது” என்று தீர்ப்புக் கூறிவிட்டார். கழிப்பதற்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய், ஒரு கருஞ்சேவல், மூன்று வெள்ளிக்கிழமை. முன்பணம் இரண்டாயிரம். கழிப்பு முடியும் வரை அந்தப் பெண் கோழிக்கூண்டருகே போகக் கூடாது. அடுப்பைத் தொடக் கூடாது. யார் வீட்டு வளைகாப்புக்கும் போகக் கூடாது.

மீதிப் பணத்துக்கு, அந்தப் பெண் தன் சம்பளத்திலே வாங்கிய காதுத் தோடு அடகுக்கடைக்குப் புறப்படத் தயாராயிற்று. தன்னைக் குற்றவாளி என்று கூறிய தீர்ப்புக்குத் தானே கட்டணம் கட்டவேண்டிய நிலை! எந்த நாட்டு நீதிமன்றத்திலாவது இந்தக் கொடுமை உண்டா?

செய்தி நமக்கு எட்டியது. படிப்பக இளைஞர் இருவரோடு அந்த வீட்டுக்குப் போனோம். அம்மையார் நம்மை விரட்டவில்லை, நாற்காலி போட்டார். பிறகு சொன்னார்: “தம்பி, அந்தப் பொண்ணை மூலையில உட்கார வைக்கணும்னு எனக்கு ஆசையா? நாலு பேரு கேக்குறாங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

தோழர்களே, அந்தக் கேள்வியை எள்ளி நகையாடிவிடாதீர்கள். பதில் தெரியாதவர்தான் பதில் விற்பவனிடம் போகிறார். அவருக்கு வேண்டியது ஒரு காரணம். அறிவுடையோர் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை; ஆகவே அறிவை அடகு பிடிப்போர் கொடுத்தார்கள். குறை அந்த அம்மையாரிடம் மட்டுமா?

“அம்மா, கோழிக்கு வந்ததைக் கோழி வைத்தியரிடம் கேட்போம், வாருங்கள்” என்றோம். வந்தார். இரண்டு கோழிகளையும் நான்கு முட்டைகளையும் கூடையிலே வைத்துக்கொண்டு அரசுக் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் முட்டையை வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தார். கோழியின் கண்ணை, கொண்டையை, கழிச்சலைப் பார்த்தார். மூன்றே கேள்விகள் கேட்டார். என்ன தீனி? பகலிலே எங்கே அடைக்கிறீர்கள்? தடுப்பூசி போட்டதுண்டா? ஒரு கேள்வியிலாவது மருமகள் வரவில்லை!

தீனி, மிஞ்சிய சோறு. அடைப்பது, தகரக் கொட்டகையிலே. தடுப்பூசி, இல்லை. விடை கிடைத்துவிட்டது.

முட்டை எப்படி உருவாகிறது என்பதை ஒவ்வொரு தோழரும் தெரிந்துகொள்ளவேண்டும். சந்தில் நின்று சொல்லவேண்டும். ஒரு முட்டை முழுமையாக உருவாகக் கோழியின் உடலிலே 24 முதல் 26 மணி நேரம் பிடிக்கிறது. சினைப்பையிலே முதிர்ந்த மஞ்சள் கரு, குழல் போன்ற பாதையின் வாயிலே விழுகிறது. அங்கிருந்து சுமார் மூன்று மணி நேரம் வெள்ளைக் கரு அதைச் சூழ்கிறது. பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், மெல்லிய சவ்வுகள் இரண்டு போர்த்துகின்றன. கடைசியாக, ஓடு சுரக்கும் பையிலே ஏறத்தாழ இருபது மணி நேரம் தங்குகிறது. அங்கேதான் சுண்ணச் சுவர் எழும்புகிறது. ஒரு முட்டை ஓட்டுக்கு இரண்டு கிராமுக்குக் குறையாத கால்சியம் வேண்டும். அதைக் கோழி தீனியிலிருந்து எடுக்கவேண்டும், இல்லையேல் தன் எலும்பிலிருந்து எடுக்கவேண்டும். சோற்றையே தின்ற கோழி எத்தனை நாள் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும்?

அதோடு வெயில். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கியே உடல் சூட்டைத் தணிக்கிறது. அப்படி வேகமாக மூச்சு விடும்போது, இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறுகிறது. ஓடு கட்டுவதற்கு வேண்டிய கார்பனேட்டு அந்த வாயுவிலிருந்துதான் வரவேண்டும். வாயு குறைந்தால் ஓடு மெலிகிறது. ஓடே இல்லாமலும் முட்டை வெளிவருகிறது. ஆக, அந்தத் தோல்முட்டை ஏதோ குறி சொன்னது உண்மைதான். “எனக்குச் சுண்ணச்சத்து இல்லை, நிழல் இல்லை, தண்ணீர் போதவில்லை” என்று சொன்னது. சொன்னது கோழி, தன்னைப் பற்றிச் சொன்னது. அதை மருமகளைப் பற்றியது என்று மொழிபெயர்த்தது குறிகாரரின் கைவண்ணம்!

மஞ்சள் கரு இல்லாத சிறுமுட்டைக்குக் காரணம் என்ன? வெள்ளைக் கரு சுரக்கும் பகுதி, வந்த பொருள் எதுவென்று ஆராய்வதில்லை. சினைப்பையிலிருந்து ஒரு சிறு தசைத்துணுக்கோ உறைந்த இரத்தத் துளியோ நழுவி அந்தப் பாதையிலே விழுந்துவிட்டால், அதையே மஞ்சள் கருவாகக் கொண்டு வெள்ளைக் கரு சூழ்ந்துகொள்கிறது, சவ்வு போர்த்துகிறது, ஓடும் கட்டப்படுகிறது. புதிதாக முட்டையிடத் தொடங்கும் இளங்கோழிகளிடத்தும், தொல்லைப்பட்ட கோழிகளிடத்தும் இது நேரும். மறுநாளோ மறுவாரமோ அதே கோழி ஒழுங்கான முட்டை இடும். இரண்டு மஞ்சள் கருக்கள் அடுத்தடுத்து நழுவினால் இரட்டைக் கரு முட்டை. உருவான முட்டை பின்னோக்கித் தள்ளப்பட்டு மறுபடியும் வெள்ளைக் கருவும் ஓடும் பெற்றால் முட்டைக்குள் முட்டை. சினைப்பையிலே ஒரு நுண்குழாய் வெடித்தால் மஞ்சள் கருவின்மேல் இரத்தப் பொட்டு. அத்தனைக்கும் காரணம் உண்டு. ஒன்றுக்கும் கிரகம் இல்லை.

இங்கே இன்னொரு சூழ்ச்சியையும் பார்க்கவேண்டும். நமது மொழியிலே முட்டையின் உள்ளே இருக்கும் மஞ்சள் பகுதியையும் ‘கரு’ என்கிறோம். தாயின் வயிற்றிலே வளரும் உயிரையும் ‘கரு’ என்கிறோம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. மஞ்சள் கரு உயிரன்று. வளரப்போகும் குஞ்சுக்குக் கட்டிவைத்த உணவு மூட்டை. குஞ்சு உருவாவது அதன் மேற்பரப்பிலே காணும் வெண்மையான ஒரு சிறு பொட்டிலிருந்து. அதுவும் சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டையாக இருந்தால்தான். சந்தையிலே நாம் வாங்கும் முட்டைகள் பெரும்பாலும் சேவலையே காணாத கோழிகள் இட்டவை. அவற்றிலே மஞ்சள் கரு இருக்கிறது, குஞ்சு வராது. குறிகாரர் செய்தது என்ன? ஒரு சொல்லின் இரு பொருளுக்கு இடையே உள்ள சந்திலே புகுந்து, ஒரு பெண்ணின் காதுத் தோட்டைக் கழற்றப் பார்த்தார். தமிழின் வளத்தைத் தமிழச்சியை வதைக்கப் பயன்படுத்துவதா?

மருத்துவர் சொன்னபடி அம்மையார் செய்தார். கிளிஞ்சலைப் பொடித்துத் தனியாக ஒரு சட்டியிலே வைத்தார். சோற்றோடு கம்பும் தவிடும் கீரையும் சேர்ந்தன. தகரத்தின்மேல் தென்னங்கீற்று ஏறியது. மண்சட்டியிலே எந்நேரமும் தண்ணீர் நின்றது. வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. இந்தக் கழிச்சலைத்தான் நூல்களிலே ராணிகெத் நோய் என்கிறார்கள். அது புகுந்தாலும் முட்டை குறையும். கோணலும் மெலிந்த ஓடுமாக வரும். பிறகு கூண்டே காலியாகும். மூன்று வெள்ளிக்கிழமை காத்திருந்து கருஞ்சேவல் அறுக்கும் வேளையிலே அந்த நோய் நுழைந்திருந்தால், சந்திலுள்ள கோழிகள் அத்தனையும் மடிந்திருக்கும். பழி யார்மேல் விழுந்திருக்கும்? சொல்லவும் வேண்டுமோ!

மூன்று வாரத்திலே ஓடு தேறியது. வெற்றி என்று முழங்கலாமா? முழங்க வேண்டாம், நடந்ததைக் கேளுங்கள். அம்மையார் நம்மிடம் மெல்லச் சொன்னார்: “நீங்க சொன்னதும் சரிதான் தம்பி. ஆனா, சாமிக்கு ரெண்டாயிரம் கட்டினோமில்ல, அதுவும் வேலை செஞ்சிருக்கும்.”

மூடநம்பிக்கையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. பலித்தால் பரிகாரத்தின் பெருமை. பலிக்காவிட்டால் செய்தவரின் குறை. எந்தப் பக்கம் விழுந்தாலும் குறிகாரருக்கே வெற்றி. இதை வாதத்தாலே வெல்ல முடியாது. ஒப்பிட்டுக் காட்டித்தான் வெல்லவேண்டும். அடுத்த சந்திலே இன்னொரு வீட்டுக் கோழிகளும் அதே வெயிலிலே தோல்முட்டை இட்டிருந்தன. அந்த வீட்டார் யாருக்கும் ஒரு காசும் கட்டவில்லை. நம் இளைஞர் சொல்லக் கேட்டுக் கிளிஞ்சலும் நிழலும் மட்டும் கொடுத்தார்கள். அங்கும் ஓடு தேறியது. அம்மையாரை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனோம். இரு வீட்டு முட்டையையும் கையிலே வைத்துத் தட்டிப் பார்த்தார். “அப்ப, ரெண்டாயிரம் வீண்தானா?” என்றார். நாம் பதில் சொல்லவில்லை. கேள்வி அவரிடமே பிறந்துவிட்டது, அதுவே போதும்.

தோடு அடகுக்குப் போகவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவமனைக்குப் போனார்கள். இருவருக்கும் சோதனை நடந்தது. குறை யாரிடம் இருந்தது, இருந்ததா என்பதை நாம் எழுதமாட்டோம். அது அந்த இருவரின் சொந்தச் செய்தி, சந்துக்கும் சாமியாருக்கும் உரியதன்று, ஏட்டுக்கும் உரியதன்று. உலக நல்வாழ்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகிலே ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்வில் ஒரு கட்டத்திலேனும் குழந்தைப் பேற்றுத் தடையைச் சந்திக்கிறார். ஆணிடமும் காரணம் இருக்கலாம், பெண்ணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம் என்பது மருத்துவம். பெண்ணிடம் மட்டுமே இருக்கும் என்பது மடமை.

இந்த மடமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று எண்ணி வெட்கவும் வேண்டாம், வெளிநாடு விட்டுவிட்டதே என்று வியக்கவும் வேண்டாம். 1474ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாசல் நகரிலே, ஒரு சேவல் முட்டையிட்டது என்று அதன்மேல் வழக்குத் தொடுத்தார்கள்! சேவலின் முட்டையிலிருந்து கொடிய நாகம் பிறக்கும் என்பது அக்கால நம்பிக்கை. தீர்ப்பு என்ன தெரியுமா? சேவலையும் முட்டையையும் ஊரறிய நெருப்பிலிட்டார்கள். 1710இல் லாப்பெய்ரோனி என்னும் பிரெஞ்சு மருத்துவர், ‘சேவல் முட்டை’ என்று மக்கள் அஞ்சிய மஞ்சள் கரு இல்லாத சிறுமுட்டைகளை ஆராய்ந்து, அவற்றை இடுவது கோழிதான் என்று அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அந்த அம்மையாரின் முந்தானையிலே இருந்ததும் அதே வகை முட்டைதான். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு தீர்ந்துபோன ஐயம், வடபழனிச் சந்துக்கு இன்னும் வந்து சேரவில்லை!

இங்கிலாந்திலே லீட்சு நகரம். ஆண்டு 1806. மேரி பேட்மன் என்பவளின் கோழி, கிறிஸ்து வருகிறார் என்ற எழுத்துப் பொறித்த முட்டைகளை இட்டது. உலகம் அழியப்போகிறது என்று மக்கள் நடுங்கினார்கள். காசு கொடுத்துக் கண்டு தொழுதார்கள். முட்டையிலே கிறிஸ்துவின் பெயருக்கே எழுத்துப்பிழை! எழுதத் தெரியாத தேவன் எழுதினாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு உண்மை வெளிப்பட்டது: அரிக்கும் மையினாலே முட்டைமேல் எழுதி, கோழியின் உடலுக்குள் திரும்பவும் செருகியிருக்கிறாள். வாயில்லா உயிருக்கு எத்தனை வேதனை! அவள் அதோடு நிற்கவில்லை. செய்வினை நீக்குவதாகச் சொல்லி ஒரு குடும்பத்திடம் மாதக்கணக்கில் பணம் பறித்து, முடிவிலே அந்த வீட்டுப் பெண்ணை நஞ்சிட்டுக் கொன்றாள், 1809இல் தூக்கிலிடப்பட்டாள். முட்டையிலே தொடங்கியது, உயிரிலே முடிந்தது. சிறிய மூடநம்பிக்கை என்று ஒன்று இல்லை என்பதற்கு இந்த வரலாறு போதாதா?

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு, கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலே, ஒதுக்குங்கல் என்ற ஊரில், ஒரு வீட்டுக் கோழிகள் இட்ட முட்டைகளில் மஞ்சள் கரு பச்சையாக இருந்தது. படம் பரவியது, நாடே பேசியது. அந்த முட்டையிலே பொரித்த கோழிகளும் வளர்ந்து பச்சைக் கருவே தந்தன. பரம்பரைதான், அதிசயப் பிறவிதான் என்று சொல்ல எத்தனை வாய்ப்பு! ஆனால் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் முன்வந்தார்கள். தீனியை மாற்றிக் கொடுக்கச் செய்து பார்த்தார்கள். சில வாரங்களிலே கரு மஞ்சளாயிற்று. தாய்க்கும் குஞ்சுக்கும் பொதுவாக இருந்தது தீனி. நிறம் வந்த வழி அதுதான். அந்த வீட்டுக்காரரும் பாராட்டுக்குரியவர். உண்டியல் வைக்கவில்லை, ஆய்வுக்குக் கதவைத் திறந்தார். வடபழனிக்கும் மலப்புறத்துக்கும் உள்ள வேறுபாடு முட்டையிலே இல்லை. முட்டையை யாரிடம் எடுத்துப் போனார்கள் என்பதிலேதான் இருக்கிறது.

‘பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியும்?’ என்று ஒரு பழமொழியை வைத்து எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறார்கள்! கூவும் பெட்டையை அபசகுனம் என்று அன்றே அறுத்துவிடுவதும் உண்டு. அதற்கும் காரணம் உண்டு. பெட்டைக் கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டுமே வளர்ந்து வேலை செய்கிறது. நோயாலோ முதுமையாலோ அது கெட்டால், வலப்பக்கத்தில் அடங்கிக் கிடந்த உறுப்பு ஆணுக்குரிய சுரப்பைத் தர முற்படும். அப்போது கொண்டை பெருக்கும், இறகு மாறும், கூவவும் செய்யும். பாசல் நகரத்தார் எரித்த ‘சேவல்’ இப்படி மாறிய பெட்டையாக இருந்திருக்கலாம் என்பது இன்றைய அறிஞர் கருத்து. பொழுது, சேவல் கூவியும் விடிவதில்லை, பெட்டை கூவியும் விடிவதில்லை. உலகம் சுழல்வதால் விடிகிறது. இதைப் பள்ளியிலே படித்துவிட்டு வீட்டிலே பழமொழி பேசுகிறோம்!

கோழியும் முட்டையும் மனிதனுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையா? உண்டு, கேட்கத் தெரிந்தவனுக்கு உண்டு. 1890களில், இன்று ஜகார்த்தா என்று பெயர் பெற்றிருக்கும் பட்டேவியாவிலே, ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் வழங்காமல் தள்ளாடின. திடீரென்று குணமாயின. குறிகாரராக இருந்தால் ஒரு கோயிலே எழுப்பியிருப்பார்! ஐக்மன் தீனியைப் பார்த்தார். மருத்துவமனையில் மிஞ்சிய, தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்றபோது நோய் வந்தது. அது நிறுத்தப்பட்டு, தீட்டாத அரிசி கொடுத்தபோது நோய் போயிற்று. தவிட்டிலே ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்ற அந்தத் தடத்திலே நடந்துதான் உலகம் வைட்டமினைக் கண்டது. 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோழியின் தள்ளாட்டம் இலட்சக்கணக்கான மக்களின் நோய்க்கு விடை தந்தது. ‘ஏன்’ என்று கேட்டவருக்குத் தந்தது. ‘யாரால்’ என்று கேட்டவருக்குத் தரவில்லை. பகுத்தறிவுக்கும் மூடநம்பிக்கைக்கும் இடையே உள்ள தொலைவு அந்த இரண்டு கேள்விகளுக்கு இடையே உள்ள தொலைவுதான். ‘ஏன்’ என்பவன் காரணத்தைத் தேடுகிறான். ‘யாரால்’ என்பவன் ஆளைத் தேடுகிறான். கிடைப்பதோ எப்போதும் வீட்டிலே மிகவும் எளியவள்.

முட்டையின் உண்மையான பொருளை நமது இயக்கம் என்றோ கண்டுகொண்டது. 1920இல், தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவு கொடுத்தது. காமராசர் 1956இல் அதை நாடெங்கும் விரித்தார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக வளர்த்தார். கலைஞர் ஆட்சி 1989இல் அந்தத் தட்டிலே முட்டையை வைத்தது. 2010இல் வாரத்துக்கு ஐந்து முட்டை என்று உயர்த்தியது. ஒரு முட்டையிலே ஏறத்தாழ ஆறு கிராம் புரதம். வீட்டிலே வாரம் ஒரு முட்டை காணாத குழந்தைக்கு அது எலும்பு, தசை, மூளை. மத்தியப் பிரதேசத்திலே 2015இல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கும் யோசனையை அரசே மறுத்தது. கர்நாடகத்திலே 2021இல் பள்ளி முட்டைக்கு மடாதிபதிகள் எதிர்ப்புக் கிளப்பினார்கள். ஒருபுறம் முட்டையைத் தீட்டு என்று குழந்தையின் தட்டிலிருந்து பறிப்பது. மறுபுறம் முட்டையைக் குறி என்று பெண்ணின் வாழ்விலே எறிவது. கை வேறாக இருக்கலாம், கயமை ஒன்றுதான்.

1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தம், அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. சட்டம் எழுதிவிட்டது, சந்துக்கு யார் எடுத்துப் போவது? இளைஞர்களே, நீங்கள்தான் போகவேண்டும். மேடையிலே குறிகாரரைத் திட்டினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கைதட்டியவர் வீட்டிலேயே மறுநாள் முட்டை சுற்றிப் போடுவார்கள். ஆகவே வீட்டுக்குப் போங்கள். கேலி பேசாதீர்கள், அஞ்சியவரைக் கேலி செய்தால் அவர் குறிகாரரின் திண்ணைக்கே திரும்புவார். அருகிலுள்ள கால்நடை மருந்தகம் எங்கே, தடுப்பூசி எப்போது, கிளிஞ்சல் எங்கே கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இதே சென்னையிலே, வேப்பேரியிலே இருக்கிறது; நூறாண்டுக்கு மேற்பட்ட அந்த அறிவு, மக்களின் வரிப்பணத்திலே வளர்ந்த அறிவு. அதற்கும் சந்துக்கும் இடையே உள்ள சில கல் தொலைவைக் கடக்கும் கால்களாக நீங்கள் இருங்கள்.

எதையாவது அதிசயம் என்று ஒருவர் கொண்டுவந்து காட்டினால், முதலிலே இதைக் கேளுங்கள்: இதனாலே பணம் போவது யாருக்கு, பழி போவது யார்மேல்? பணம் ஒரு பக்கமும் பழி ஒரு பெண்ணின் பக்கமும் போகுமானால், அங்கே தெய்வமும் இல்லை, தோஷமும் இல்லை, திருட்டு இருக்கிறது. அந்தத் திருட்டைத் தடுக்கும் வரை, எந்தக் கோழி எப்படி முட்டையிட்டாலும், ஏதோ ஒரு வீட்டு மூலையிலே ஒருத்தி தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். அவளை எழுப்புவதுதான் நமது வேலை.